ஆண்டுப் பொதுக்குழு: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சத்துவாச்சாரி ரத்ததான முகாமும் காட்பாடியில் ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனையும் வழக்கம்போல நடந்தன. நான் விரிவாகச் சொல்ல வேண்டியது நினைவு மாநாட்டைப் பற்றித்தான்.

அது யாருடைய நினைவாக என்று புது உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம்மோடு ஆம்புலன்ஸ் ஓட்டிய நண்பர் பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்தார். ஒருவர் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தார், ஒருவர் துண்டால் விசிறினார். தொடையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. விசிறிய அந்தத் துண்டை வைத்தே அழுத்திப் பிடித்திருக்கலாம். அவர்கள்மேல் குறையில்லை, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதனால்தான் நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று, சாலை விபத்தில் இறந்தவர்களை உலகமே நினைக்கும் நாளில், படத்துக்கு மாலை போட்ட கையோடு பாடத்துக்கு உட்காருகிறோம். 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள், போக்குவரத்துக் காவலர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கள் என்று மண்டபம் நிறைந்துவிட்டது.

காலையில் பேசிய மருத்துவர், 1976-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விமான விபத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவரைப் பற்றிச் சொன்னார். காயப்பட்ட தன் பிள்ளைகளுக்குக் கிடைத்த சிகிச்சையைப் பார்த்து நொந்துபோன அவர் தொடங்கிவைத்த முயற்சிதான், 1978-ல் மருத்துவர்களுக்கான விபத்துச் சிகிச்சைப் பயிற்சியானது. நம் நண்பரின் மனைவி முன்வரிசையில் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

பிற்பகல் செய்முறை. ஆட்டுத் தொடைக்கறியில் ஆழமாக ஒரு வெட்டு, உள்ளே ஒரு டியூப், அதில் குங்குமம் கரைத்த தண்ணீர். காயத்தின் மேலே பஞ்சை ஒற்றுவதுதான் நம் பழக்கம். அது போதாது. துணியை வெட்டின் அடிவரை விரலால் திணித்து, இரண்டு கையையும் ஊன்றி, உடம்பின் பாரம் இறங்க அழுத்த வேண்டும். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், நின்றுவிட்டதா என்று அரை நிமிடத்தில் கையை எடுத்துப் பார்த்தார். சட்டையெல்லாம் சிவப்பு. மறுபடி அழுத்தினார், கை நடுங்கியது. "விடாதீங்கண்ணா, அப்படியே புடிங்க" என்று நர்ஸ் பக்கத்திலேயே நின்றார். இந்த முறை அவர் விடவில்லை.

கை காலில் அழுத்தியும் நிற்காத ரத்தத்துக்கு டூர்னிகெட், அதாவது ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை. காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, உடம்பை நோக்கிய பக்கத்தில், மூட்டில் படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரி சேரும்வரை தளர்த்தக் கூடாது.

"போலீஸ் கேஸ் ஆகுமா?" என்ற பயமும் வந்தது. உதவுபவர்மேல் வழக்கில்லை, பெயர் சொல்லக் கட்டாயமில்லை என்று 2019-ன் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் அதன்கீழ் 2020-ல் வந்த விதிகளுமே சொல்கின்றன. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரிலிருந்து அரசுத் திட்டமும் இருக்கிறது.

ஒரு குறை. வரவேற்புரைகள் நீண்டு, ஹெல்மெட் கழற்றும் பயிற்சியும் அடிபட்டவரை நான்கு பேர் சேர்ந்து கழுத்து அசையாமல் புரட்டும் பயிற்சியும் அவசரத்தில் முடிந்தன. நேரத்தைக் கவனித்திருக்க வேண்டியவன் நான். அடுத்த முறை காலையிலேயே செய்முறை, உரைகள் அப்புறம்தான்.

உறுப்பினர் ஒவ்வொருவர் வண்டியிலும் ஒரு டூர்னிகெட் பட்டையும் துணிச்சுருளும் இருக்க, சங்க நிதியிலிருந்து வாங்கித்தரத் தீர்மானம் முன்மொழிகிறேன். இந்த அறிக்கையோடு சேர்த்து அதற்கும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்