ஊருணிக்கரைப் பம்பு அறை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. புயல் எச்சரிக்கையால் கார்த்திகைக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. இரண்டு கூட்டங்களுக்குப் பேச வந்தவர்களைவிடத் தேநீருக்கு வந்தவர்களே அதிகம் என்று பொருளாளர் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அதை நான் அடிக்கவில்லை.

ஆடி மாதக் கூட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்; பம்பு அறையை நாம் கையில் எடுக்கக் காரணமே அதுதான். நாம் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றே அழைக்கும் கீழக்கரை உறுப்பினர், லண்டனில் மகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். அரண்மனை பார்த்த கதையைச் சொல்வார் என்று உட்கார்ந்திருந்தோம். அவரோ கியூ பாலத்தருகே உள்ள பழைய நீரேற்று நிலையத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். 1838இல் தொடங்கிய நிலையம் அது. மேற்கு லண்டனுக்குத் தண்ணீர் தள்ளிய நீராவி இன்ஜின்கள் 1944 வரை வேலை செய்தன. பழைய இரும்பென்று எடைக்குப் போடாமல் அவற்றைக் காத்து வைத்தார்கள். 1975இல் அதுவே அருங்காட்சியகமாயிற்று.

அங்குள்ளவற்றில் 1846இல் செய்த ஓர் இன்ஜினின் சிலிண்டர் குறுக்களவு மட்டும் 90 அங்குலம், அதாவது ஏழரை அடி. காக்கா சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வட்டம் போட்டுக் காட்டினார். நான்கு நாற்காலிகளை அதற்குள் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். ஒரு தட்டுக்கு, அதாவது ஒருமுறை ஏறி இறங்கினால், அந்த இன்ஜின் தள்ளும் நீர் 472 கேலன், நம் கணக்கில் ஏறத்தாழ 2,145 லிட்டர். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 140 குடத்துக்கு மேல். "ஒரு தட்டுக்கு அவ்வளவா?" என்று துணைத்தலைவரின் வீட்டு அம்மா கேட்டார். குழாயடியில் கால் கடுக்க நின்றவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். தண்ணியில்லாக் காடு என்று பிற மாவட்டத்தார் கேலி பேசும் ஊர்க்காரர்கள் அல்லவா நாம்!

அது வேலை செய்யும் விதத்தில்தான் வாக்குவாதம் எழுந்தது. நீராவிதான் தண்ணீரைத் தள்ளுகிறது என்று நம்மில் பலர் நினைத்தோம். அப்படியில்லை. பிஸ்டனுக்கு மேலே நீராவி நுழைகிறது, கீழே வெற்றிடம். பிஸ்டன் இறங்கும்போது, துலாவைப் போன்ற பெரிய இரும்பு உத்தரத்தின் மறுமுனை, பம்பின் தண்டையும் அதன் மேல் ஏற்றிய எடையையும் தூக்குகிறது. பிறகு ஒரு வால்வு திறக்க, அதே நீராவி பிஸ்டனின் இரு பக்கமும் சமமாகப் பரவுகிறது. எடை தன் பாட்டுக்கு இறங்குகிறது. தண்ணீரைத் தள்ளுவது அந்த எடைதான். இதைக் கேட்டதும் திருப்புல்லாணிப் பெரியவர் எழுந்து, "இது நம் ஏற்றம்தானே!" என்றார். துலாவின் மேல் ஆள் நடந்து போவது தன் எடையைப் பின்முனைக்குக் கொண்டு சேர்க்கத்தான். தண்ணீர் மொள்ளும் சால் என்ற பாத்திரத்தை மேலே கொண்டுவருவது அந்த எடை. ஏற்றம் மிதித்த காலும் ஏற்றப்பாட்டுப் பாடிய வாயும் உள்ளவர் என்பதால் அவருக்கு அது உடனே பிடிபட்டது. இன்ஜினியரிங் படித்த எனக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

தண்ணீர் தட்டுத் தட்டாக வந்தால் குழாய் அதிரும் அல்லவா? அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள 1867இல் 200 அடி உயரக் கோபுரம் கட்டி, உள்ளே குழாய்களை நிறுத்தினார்கள். தெரியாதவர்கள் அதைப் புகைபோக்கி என்று நினைப்பார்களாம். இன்னொரு செய்தியும் காக்கா சொன்னார். கடல் ஓதம் ஏறி இறங்கும் பகுதியில் தேம்ஸ் நீரை எடுத்து வீடுகளுக்கு அனுப்பக் கூடாது என்று 1852இல் சட்டம் வந்தது. தண்ணீர் நிறுவனங்கள் ஆற்றின் மேல்பகுதிக்குப் போக வேண்டியதாயிற்று. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் அது குடிக்க ஆகும் தண்ணீரா என்ற கேள்வி எல்லா ஊருக்கும் உண்டு போலும்.

காக்கா அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: அங்கே இன்ஜினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டிக் காட்டியவர்களில் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள் பலர். நம் வயதுதான், நம் முழங்கால் வலிதான்.

அந்தக் கூட்டத்தின் சூட்டில்தான் ஊருணிக்கரைப் பம்பு அறையைக் கையில் எடுத்தோம். திருச்சிப் பக்கத்திலிருந்து காவிரி நீர் குழாயில் வரத் தொடங்கியபின் பூட்டிக் கிடந்த அறை அது. உள்ளே ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜின், அறுந்த பெல்ட், நிறைய வௌவால். அனுமதிக் கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து முதல் அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. அந்தக் கடிதம் நடந்த தூரத்துக்கு ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடியிருக்கலாம்.

உப்புக் காற்று தின்ற இரும்பைத் தேய்த்தெடுக்கவே மூன்று மாதம் ஆயிற்று. பிளைவீல் என்ற கனத்த சக்கரம் சுற்ற மறுத்தது. டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்தோம். உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள புட் வால்வின் தோல் வாஷர் பொடியாகிவிட்டிருந்ததால், மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் உறுப்பினர் புதிதாக வெட்டிக் கொடுத்தார். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்பில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிவிட்டு, ஹேண்டிலைச் சுற்றினோம். பதினோராவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. தெருவே வந்து நின்றது. ஊருணி நீர் வாய்க்காலில் விழுந்தபோது கைதட்டியவர்கள் குழந்தைகள் மட்டுமல்லர்.

வண்ணம் பூசிக் கண்ணாடிக்குள் வைத்துவிடலாம் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். நான் எதிர்த்தேன், இன்னும் எதிர்க்கிறேன். மாதம் ஒருமுறையாவது ஓடாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி டீசலில்தான் ஊறும். ஓட்டத் தெரிந்தவர்கள் நம்மில் நான்கு பேர். நால்வருமே அறுபதைத் தாண்டியவர்கள். ஆகவே பள்ளிப் பிள்ளைகள் வந்தால் வேடிக்கை பார்க்கவிடாமல் கிரீஸ் டப்பாவைக் கையில் கொடுக்கிறோம். ஒரு தாய் பாவாடைக் கறைக்காக என்னிடம் சண்டைக்கு வந்தார். நியாயம்தான்; இனிப் பழைய துணி கட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

சீமைக் கருவேல விறகில் ஓடும் சிறிய நீராவி மாதிரி ஒன்று செய்யலாம் என்ற யோசனை நிலுவையில் உள்ளது. விறகுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் கொதிகலன் வெடித்தால் சங்கமே இருக்காது. அழுத்தச் சோதனைக்கு வழி தெரிந்தபின் பேசுவோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்; பெயர் சொல்லவில்லை.

இன்ஜின் ஹேண்டிலை வீட்டுக்கு எடுத்துப்போனவர் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து தர வேண்டும். பம்பு அறைச் சாவி இனித் துணைத்தலைவர் வீட்டில் இருக்கும்.

செயலாளர்