மூளைக்காய்ச்சல் நோயாளியிடம் ‘என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்க ஆணையிடுங்கள்

பெறுநர்:
தலைவர் அவர்கள், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது டெல்லி.
இயக்குநர் அவர்கள், தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம், டெல்லி.

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். டெல்லி ஆர்.கே. புரத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வசிக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். இம்மடலின் ஆங்கிலப் படியைத் தங்கள் இருவரின் அலுவலகங்களுக்கும் அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். கரோல் பாக், ஜனக்புரி, மயூர் விகார் என்று இந்நகரில் பரவி வாழ்ந்து, வீட்டில் முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் நம்மவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். மூளைக்காய்ச்சலோ, திடீரென்று கைகால்கள் செயலிழக்கும் நரம்பு நோயோ கண்டு மருத்துவமனையில் சேர்பவர் முந்தைய வாரங்களில் என்ன சாப்பிட்டார் என்று கேட்பதையும், உணவு வழியாகப் பரவும் பாக்டீரியா உறுதியானால் அந்த உணவைத் தேடிச் சோதிப்பதையும் கட்டாயமாக்குங்கள்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் மாமனாருக்குக் காய்ச்சல் வந்தது. வயது 71, நீரிழிவு உண்டு, மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். முதல் இரண்டு நாட்கள் காய்ச்சலும் சிறிது வயிற்றுப்போக்கும் மட்டுமே இருந்தன. மூன்றாம் நாள் காலையில் அவர் டம்ளரை வாயில் வைத்தபோது இடது ஓரமாகக் காபி வழிந்து சட்டையில் இறங்கியது. அவருக்கு அது தெரியவே இல்லை. மாலைக்குள், ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆன அந்த மனிதர், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, பஸ் பாஸ் எங்கே என்று கேட்கத் தொடங்கினார். தொலைபேசியில் கேட்ட என் தாயார் ‘ஜன்னி கண்டிருக்கிறது, உடனே கொண்டு போ’ என்றார். மருத்துவமனையில் முதுகுத்தண்டு நீர் எடுத்தார்கள். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கினார்கள். சேர்த்த நான்காம் நாள், இரத்தக் கல்ச்சரில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருப்பதாக முடிவு வந்தது. செஃப்ட்ரியாக்சோன் அந்தக் கிருமியிடம் பலிக்காது, ஆம்பிசிலின் வேண்டும். அன்றிரவே மருந்தை மாற்றினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

அதே நான்காம் நாள்தான், சென்னையிலிருந்து உதவிக்கு வந்த என் நாத்தனார் எங்கள் ஃபிரிட்ஜைக் காலி செய்து, பேக்கிங் சோடா கரைத்துத் துடைத்து வைத்தார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வெட்டித் தரும் பனீரை வாங்கி, மிளகுத்தூள் தூவி, அடுப்பில் வைக்காமல் சாப்பிடுவது என் மாமனாருக்குப் பிடிக்கும். அதில் பாதித் துண்டு ஒரு டப்பாவில் இருந்தது. நறுக்கிய பப்பாளி, புதினாச் சட்னி, இரண்டு நாள் பழைய தயிர் ஆகியவையும் இருந்தன. எல்லாம் குப்பைக்குப் போயின. பனீர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. இருந்திருக்கக்கூடிய ஆதாரத்தை எடுத்து வையுங்கள் என்று எங்களிடம் சொல்ல ஒருவரும் இல்லை என்பதே என் வருத்தம். எங்கள் கண்முன் உயிரைக் காப்பாற்றிய மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பது இங்கே யாருடைய வேலையாகவும் இல்லை.

கெட்ட உணவு என்றால் வாந்தி, பேதி, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்பதே நம் எல்லோர் மனத்திலும் உள்ள எண்ணம். முட்டைக்கோஸ் சாப்பிட்டால் பூச்சி மூளைக்கு ஏறிவிடும் என்று நடுங்கும் டெல்லிக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நாடாப்புழுவின் முட்டையைப் பற்றிய அந்த அச்சத்தில் உண்மையும் உண்டு. பாக்டீரியாவும் அதே இடத்துக்குப் போகும் என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. லிஸ்டீரியா குடலின் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு மூளையின் தடுப்பரணைத் தாண்டுகிறது. சில சமயம் முகத்து நரம்புகளின் வழியே ஏறி, மூச்சையும் விழுங்குதலையும் ஆளும் மூளைத்தண்டில் போய் உட்கார்கிறது. காபி வழிந்ததன் பொருள் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. பிற கிருமிகளில் பல குளிரில் அடங்கிக் கிடக்க, இது ஃபிரிட்ஜின் 4 டிகிரி செல்சியஸிலும் மெல்லப் பெருகும். நன்றாகச் சூடேற்றினால் செத்துவிடும். முதியவர்களையும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களையும், கர்ப்பிணிகளையும் இது தேடிப் பிடிக்கிறது. கர்ப்பிணிக்கு வெறும் உடம்புவலியும் காய்ச்சலுமாக வந்து போகலாம். வயிற்றிலுள்ள குழந்தையைப் பறித்துவிடலாம், பிறந்த குழந்தைக்கு மூளைக்காய்ச்சலாக வெளிப்படலாம்.

இந்நோய் உணவால் வருகிறது என்பது எப்படி நிரூபணமானது என்று படித்தபோது என் மனம் மிகவும் கனத்தது. 1981-ஆம் ஆண்டு கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணங்களில் 41 பேருக்கு லிஸ்டீரியா தொற்றியது; அந்தத் தொற்றுகளில் 34 கர்ப்பத்தையும் பிறந்த குழந்தையையும் சார்ந்தவை. புலனாய்வாளர்கள் ஒரு நோயாளியின் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து முட்டைக்கோஸ் சாலட்டை எடுத்துச் சோதித்தார்கள். அதே வகைக் கிருமி அதில் இருந்தது. அங்கிருந்து பின்னோக்கிப் போய், ஆட்டெரு போட்டு முட்டைக்கோஸ் பயிரிட்ட ஒரு பண்ணையையும், அங்கே லிஸ்டீரியாவால் ஆடுகள் இறந்திருந்ததையும் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018 ஆண்டுகளில் 1000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 200-க்கும் மேற்பட்டோர் இறந்த பெரும் பரவலிலும், சொவெட்டோவின் ஒரு குழந்தைகள் காப்பகத்து ஃபிரிட்ஜில் இருந்த பதப்படுத்திய இறைச்சிதான் துப்புக் கொடுத்தது. இரண்டு இடங்களிலும் யாரோ ஒருவர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்.

நம் நாட்டிலும் இது முடியாத காரியம் அல்ல. 2025 ஜனவரியில் புணேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் கைகால்கள் செயலிழக்கும் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் கண்டு அடுத்தடுத்துப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, நோயாளிகளின் மலம் சோதிக்கப்பட்டது; சிலரிடம் காம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா கிடைத்தது; குடிநீர் மீது கவனம் திரும்பியது. சரியாக வேகாத கோழியிறைச்சியிலும் கெட்ட நீரிலும் வரும் அந்தக் கிருமியின் மேலுறை நம் நரம்பின் பூச்சை ஒத்திருப்பதால், கிருமியை எதிர்க்கப் பிறந்த படை நரம்பையே தாக்கிவிடுகிறது. கில்லன்-பாரே, மூளையை விட்டு வெளியே ஓடும் நரம்புகளின் நோய். வயிற்றுப்போக்கு நின்று ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்துக் கால் மரக்கும்போது, சாப்பிட்டதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஒரே பகுதியிலிருந்து கூட்டமாக வந்ததால் அங்கே கண்ணில் பட்டது. தனித்தனியாக வருபவர்கள் உணவால் வந்த நோயின் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. டைபாய்டில் பிதற்றுபவர்களும், ஷிகெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் வயிற்றுக்கடுப்பில் வலிப்பு காணும் குழந்தைகளும் அப்படியே.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, ஒரு பகுதியில் தொழில் புரியும் பதிவு பெற்ற மருத்துவர்கள் தம் கவனத்துக்கு வரும் உணவு நச்சு நிகழ்வுகளையெல்லாம் குறிப்பிட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கை வெளியிடும் அதிகாரத்தை ஆணையத்துக்கு அளிக்கிறது. உணவு நச்சு என்றால் வாந்தி பேதி மட்டும் அல்ல, லிஸ்டீரியா மூளைக்காய்ச்சலும் காம்பைலோபாக்டருக்குப் பின் வரும் வாதமும் அதில் அடங்கும் என்று அறிவிக்கையில் பெயர் சொல்லி எழுதுங்கள். டெல்லியில் தொடங்குங்கள். ஆய்வகம் கிருமியை உறுதி செய்த அன்றே உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, ஃபிரிட்ஜில் உள்ளதை அப்படியே வைத்திருக்கச் சொல்ல வேண்டும். மூளையைத் தாக்கும் லிஸ்டீரியாவுக்கு முந்தைய இரண்டு வாரங்களையும், கர்ப்பிணியானால் இரண்டு மாதங்களுக்கு மேலும் விசாரிக்க வேண்டும். கிருமியின் மாதிரியைத் தூக்கி எறியாமல் தேசிய மையத்துக்கு அனுப்பி மரபணு வரிசையைப் பதிவு செய்தால், துவாரகாவில் ஒருவரும் ஷாதராவில் ஒருவரும் ஒரே உணவால் நோயுற்றது தெரியவரும். அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு உணவால் இறந்தவரின் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்கிறது. உணவையே சோதிக்காத இடத்தில் அதை எவர் நிரூபித்துப் பெற முடியும்?

மருத்துவமனை தந்த என் மாமனாரின் வெளியேற்றச் சுருக்கத்தின் (டிஸ்சார்ஜ் சம்மரி) படியை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒன்பது பக்கங்கள் கொண்ட அதில் உணவு என்ற சொல் ஓரிடத்தில்தான் வருகிறது: விழுங்க முடியாத நாட்களில் மூக்குக் குழாய் வழியே இரண்டு மணிக்கொருமுறை கொடுக்க வேண்டிய நீராகாரத்தின் அளவைக் குறித்த இடத்தில். தாங்கள் நேரம் ஒதுக்கினால் மற்ற தாள்களையும் எடுத்துக்கொண்டு எந்த நாளிலும் நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
ஆர்.கே. புரம் வாசி ஒருவர்,
புது டெல்லி.