கையெழுத்துப் போட முதல்

ரொறன்ரோ

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வேறாக எழுதியிருக்கிறேன். இது உனக்கு மட்டும்.

இங்கே வேலைக்கு வந்தால், உன்னைப் பற்றித் தெரிந்ததும் நிறுத்திவிடுவார்களா என்று நீ தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆண்களை விரும்புகிறவன் என்பதற்காக உன்னை ஒன்ராறியோவில் எந்த முதலாளியும் வேலையால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அது சட்டமீறல். அங்கே இலங்கையில், ஒரே பாலாரின் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளுக்குப் பயந்து வாழ்கிற உனக்கு இதை நம்ப நாளெடுக்கும் என்று தெரியும். ஆனாலும் நம்பு.

இந்த மாகாணத்து மனித உரிமைச் சட்டத்தில், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களோடு 1986இல் பாலீர்ப்பை, அதாவது ஒருவர் எந்தப் பாலாரை விரும்புகிறார் என்பதை, சேர்த்தார்கள். 2012இல் பால்நிலை அடையாளத்தையும், அதாவது ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வதையும், அதை வெளிப்படுத்தும் விதத்தையும் சேர்த்தார்கள். ஆள் எடுப்பது, சம்பளம், ஷிஃப்ட், பதவி உயர்வு, நீக்கம் எல்லாம் இதற்குள் வரும். கடை சின்னதா, முதலாளி நம்மவரா, சம்பளம் கையில் காசாக வருகிறதா என்பதெல்லாம் கணக்கில்லை. மத அமைப்புகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவையும் அந்த வேலைக்கு அந்த நிபந்தனை உண்மையிலேயே தேவை என்று காட்ட வேண்டும். வங்கி, விமான நிறுவனம், தொலைபேசிக் கொம்பனி, மாகாணம் தாண்டி ஓடும் லொறி ஆகியவற்றில் வேலை என்றால் பொருந்துவது மத்திய அரசின் சட்டம். முறைப்பாடு போக வேண்டியது கனடா மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு. மற்ற வேலைகளுக்கு ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயம். ஒன்ராறியோவுக்கென்றும் ஓர் ஆணைக்குழு இருக்கிறது; அது 2008இலிருந்து தனி ஆட்களின் முறைப்பாடுகளை எடுப்பதில்லை. பெயரைப் பார்த்து அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்து, நாளைத் தொலைக்காதே.

நாள்தான் முக்கியம். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முதலாம் படிவம் என்கிற விண்ணப்பம் தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டணம் கிடையாது. மனித உரிமைகள் சட்ட உதவி மையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். ஆனால் வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகலாம். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

"நீ இப்படிப்பட்டவன், போ" என்று எவரும் கடிதத்தில் எழுத மாட்டார்கள். "வேலை குறைந்துவிட்டது", "மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை" என்றுதான் எழுதுவார்கள். அதனால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதே. நீக்கியதற்கு உன் பாலீர்ப்பு ஒரேயொரு காரணமாக இருக்க வேண்டியதில்லை. பல காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும். அதைக் காட்டத்தான் குறிப்பு வேண்டும். திகதி, நேரம், இடம், சொன்ன சொல், பக்கத்தில் நின்றவர் என்று அன்றன்றே எழுதிவை. தமிழில் திட்டினால் தமிழிலேயே எழுது. மொழிபெயர்த்தால் சொல்லின் காரம் போய்விடும். நிறுத்துகிற அன்றே கொம்பனி மின்னஞ்சலைப் பூட்டிவிடுவார்கள், ஆகவே குறிப்பு உன் சொந்தக் கொப்பியில் இருக்கட்டும். வாடிக்கையாளர் விபரங்களை மட்டும் வெளியே அனுப்பாதே. உன்னை நீக்க அவர்களுக்கு நீயே காரணம் கொடுத்ததாகிவிடும்.

வேலையிடத்தில் தொல்லை என்றால் முதலில் முதலாளியிடம் எழுத்தில் முறையிடு. தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டப்படி முதலாளி அதை விசாரித்து, முடிவை உனக்கு எழுத்தில் தர வேண்டும். முறையிட்டதற்காகப் பழிவாங்கினால் அது இன்னொரு மீறல்.

இனி நான் மிகவும் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். நிறுத்தும்போது ஒரு காசோலையையும் ஒரு தாளையும் சேர்த்து நீட்டுவார்கள். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்பதுதான் அந்தத் தாள். கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் மனித உரிமை வழக்கும் அதோடு முடிந்துவிடும். மூன்று மாதம் வேலை செய்தவருக்கு ஒரு வாரம், எட்டு வருடமானவருக்கு எட்டு வாரம் என்று முன்னறிவித்தல் அல்லது அதற்கான சம்பளம் சட்டப்படியே வர வேண்டியது. அதற்குக் கையெழுத்துத் தேவையில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி எழுந்து வந்துவிடு. அதன் பிறகு ஒரு சட்டத்தரணியிடம் காட்டு.

உன் சிநேகிதியைப் பற்றியும் கேட்டிருந்தாய். திருநங்கையான அவளுடைய சம்பள, வரிக் கணக்குகளில் சட்டப்படியான பெயர் வேண்டியிருக்கலாம். ஆனால் பெயர் அட்டையிலும் மின்னஞ்சலிலும் கூப்பிடுவதிலும் அவள் தெரிவுசெய்த பெயரைத்தான் பாவிக்க வேண்டும். வேண்டுமென்றே பழைய பெயரையும் "அவன்" என்பதையும் பிடித்துக்கொண்டிருப்பது பாகுபாடு. 2021இல் பிரிட்டிஷ் கொலம்பியாத் தீர்ப்பாயம் இப்படியொரு வழக்கில் உணவக ஊழியர் ஒருவருக்கு 30,000 டொலர் கொடுக்கச் சொன்னது. ஆணென்றோ பெண்ணென்றோ குறிக்காத சொல்லால் தன்னைச் சுட்டும்படி அவர் கேட்டிருந்தார். தமிழில் "அவர்" என்றாலே முடிந்தது. ஆங்கிலத்தில் அதற்கே மனிதர் போராட வேண்டியிருக்கிறது.

கடைசியாக உன் வேலை அனுமதி. அதில் ஒரே முதலாளியின் பெயர்தான் இருக்குமென்றால், நிறுத்தினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தே பலர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். துன்புறுத்தப்படும் தொழிலாளருக்கென 2019இலிருந்து திறந்த வேலை அனுமதி, அதாவது ஒரு முதலாளியோடு மட்டும் கட்டிப்போடாத அனுமதி, ஒன்று தருகிறார்கள், அதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் கையிலிருக்கும் அனுமதி காலாவதியாக முதல், கனடாவுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். உன் அனுமதிக் கடிதத்தில் முதலாளியின் பெயர் போட்டிருக்கிறதா, முடிவுத் திகதி என்ன என்று பார்த்து உடனே எழுது.

அன்புடன்,
அண்ணா