ஞாயிறு கூடல்: துணைக்கருவிகள் கொண்டுவருவோர் கவனத்திற்கு

அன்பின் உறுப்பினர்களுக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு உவர்மலையில் வழமையான வீட்டிலேயே கூடவிருக்கிறோம். இம்முறை கேம் கொன்சோல்களைவிட அவற்றின் விசித்திரமான துணைக்கருவிகளுக்கே முதலிடம்.

தொலைக்காட்சித் திரையை நோக்கிச் சுட்டு விளையாடும் நிண்டெண்டோவின் ஸாப்பர் துப்பாக்கி வைத்திருப்போர் கட்டாயம் எடுத்துவரவும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக ஒளிர, துப்பாக்கிக் குழலிலுள்ள ஒளியுணரி அதைக் கண்டுகொள்வதே அதன் நுட்பம் என்பதால், படம் சற்றுத் தாமதித்தே தோன்றும் இன்றைய தட்டைத் தொலைக்காட்சிகளில் அது வேலை செய்வதில்லை. அதற்காகவே பழைய குழாய்த் தொலைக்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்துள்ளோம். அதை மாடிக்கு ஏற்றியவர்களின் முதுகு நிலையை இங்கு எழுதாமல் விடுகிறேன்.

1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் பமிகொம் கொன்சோல் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். அதன் அடப்டர் 100 வோல்ற்றுக்கு உரியது. நமது 230 வோல்ற் இணைப்பில் அதை நேரடியாகச் செருகிவிட்டு, கருகல் மணம் வந்த பிறகு ஓடிய அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே மின்னழுத்தம் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் எவரும் செருக வேண்டாம். இரண்டாம் கட்டுப்படுத்தியிலுள்ள ஒலிவாங்கியையும் அன்று சோதித்துப் பார்ப்போம்.

கடற்காற்றில் உலோகம் விரைவில் பச்சை பிடிக்கும் ஊர் இது. கேம் அடங்கிய காட்ரிஜ்களின் தொடுமுனைகளை வாயால் ஊதாமல், ஐசோபுரோபைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்துவரவும். கையடக்கக் கொன்சோலான கேம்போயுடன் இணைத்துப் படங்களை அச்சிடும் கேம்போய் பிரிண்டருக்கு 6 பற்றரிகள் தேவை. பழையவை உள்ளே கசிந்திருந்தால் இன்றே அகற்றிவிடுங்கள்.

கொண்டுவரும் பொருளின் பெயரை வெள்ளிக்கிழமை இரவுக்குள் இக்குழுவில் பதிவிடவும்.