நீ அனுப்பிய காகிதத்தை நான் கோர்ட்டில் கொடுக்கவில்லை

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மேட்டூர் திறந்து பத்து நாள் ஆகிறது, பாமணி ஆற்றில் இன்னும் மணல்தான் தெரிகிறது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடுதாசி.

கடன் கொடுத்தவன் உன்மேல் போட்ட வழக்குக்குப் பதில் என்று நீ கூரியரில் அனுப்பியதைப் படித்தேன். இது வெள்ளைக்காரன் சட்டம், என் சம்மதம் இல்லாமல் இந்தக் கோர்ட்டுக்கு என்மேல் அதிகாரம் கிடையாது என்று மூன்று பக்கம் எழுதி, பெருவிரல் ரேகை வேறு வைத்திருக்கிறாய். அது பீரோவில், உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு அடியில் கிடக்கிறது.

முப்பத்திரண்டு வருஷம் மன்னார்குடியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். நீ சொல்வதில் பாதி உண்மைதான். சிவில் நடைமுறைச் சட்டம் 1908இல் வந்தது. ஆனால் பழைய சட்டங்கள் மாற்றப்படும்வரை செல்லும் என்று நம் அரசியல் சாசனமே 372ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. நீ பார்க்கிற வீடியோவில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பக்கம் வரை புரட்டவில்லை போலிருக்கிறது. சம்மதம், ரேகை என்பதெல்லாம் வெளிதேசத்துச் சரக்கு. 2012இல் கனடாவில் ரூக் என்ற நீதிபதி, ஒரு விவாகரத்து வழக்கில் இந்த மாதிரி வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எதுவும் நிற்காது என்று எழுதியிருக்கிறார். வக்கீல் ஐயா மகள் காட்டினாள்.

சட்டத்தை விடு. எனக்குத் தூக்கம் வராதது உன் பாஸ்புக்கால். மூன்று லட்சம் புரோநோட்டில், கடன் பத்திரம் எழுதிக்கொடுத்து, அவனிடம் வாங்கினாய். மாசம் 15,000 வீதம் பன்னிரண்டு தவணை பேங்க் வழியாகக் கட்டியிருக்கிறாய். நீ அனுப்பிய ஜெராக்ஸில் அந்தப் பன்னிரண்டு வரிக்கும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். 1,80,000 ரூபாய். கோர்ட்டில் போட்ட பிராதில், அதாவது வழக்கு மனுவில், அவன் என்ன சொல்கிறான்? ஒரு பைசா வரவில்லை என்கிறான்! உன் மூன்று பக்கத்தில் அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? பிராதில் சொன்னதைக் குறிப்பாக மறுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். நீ கோர்ட்டைத் திட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவன் கணக்கு செல்லுபடியாகிவிடும்.

எங்கள் ஆபீசுக்கு ஒரு பெரியவர் வருவார். வரப்புத் தகராறு. முன்சீப் கேட்டதற்கு, "நீ யார் என்னைக் கேட்க?" என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அடுத்த வாய்தாவிலிருந்து வரவே இல்லை. எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது அவர் இல்லாமலே ஒருதலைத் தீர்ப்பு, ஆயிற்று. தீர்ப்பை நிறைவேற்றக் கோர்ட் அமீனா வந்த அன்றைக்குத்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அந்துருண்டை வாசனையோடு பாகப்பிரிவினைப் பத்திரம், வரைபடத்தோடு. நாலெல்லை அவர் சொன்னபடியே இருந்தது. கோர்ட்டில் சாட்சியமாக எக்ஸிபிட் நம்பர் விழாத பத்திரம் அது. அப்புறம் எக்ஸ்பார்ட்டியை ரத்து செய்ய 30 நாள் கெடு உண்டு, ஆனால் வராததற்குத் தக்க காரணம் சொல்ல வேண்டும். கோர்ட்டே கோர்ட் இல்லை என்றவர் என்ன காரணம் சொல்வார்? வக்கீல் ஐயா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

இந்த வழக்கை இந்த ஊரில் போட முடியாது என்று ஆட்சேபிப்பது வேறு. அதைச் சொல்ல வழி இருக்கிறது, ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும். நீதிபதிமேல் நம்பிக்கை இல்லையென்றால் வழக்கை மாற்றக் கேட்கலாம், தீர்ப்பு பிடிக்காவிட்டால் அப்பீல். இதற்கெல்லாம் கோர்ட் கோபித்துக்கொள்ளாது.

காந்தி மட்டும் வெள்ளைக்காரன் கோர்ட்டை ஒத்துக்கொண்டாரா என்று கேட்டாய். 1922இல் அகமதாபாத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதிகபட்ச தண்டனை கொடுங்கள் என்றார். ஆறு வருஷம் கிடைத்தது. வேதாரண்யத்தில் 1930இல் உப்பு அள்ளியவர்களும் ஜெயிலுக்குத் தயாராகத்தான் போனார்கள். கேஸ் ஜெயிக்க யாரும் போகவில்லை. உனக்கு 1,80,000 கழிய வேண்டுமா, ஜெயிலில் ராட்டை சுற்ற வேண்டுமா?

2018இல் உச்ச நீதிமன்றம் நமக்குக் காவிரித் தண்ணீரில் 14.75 டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி) குறைத்தது. டீக்கடையில் நானும்தான் திட்டினேன். ஆனால் தமிழ்நாடு அந்தத் தீர்ப்பையே கையில் வைத்துக்கொண்டு, காவிரி மேலாண்மை ஆணையம் அமைக்கவில்லை என்று மத்திய அரசுமேல் அவமதிப்பு மனு போட்டது. ஜூன் மாசம் ஆணையம் வந்தது.

சம்மனை 9ஆம் தேதி நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிராதுக்குப் பதிலுரை கொடுக்க 30 நாள். காரணம் காட்டினால் 90 வரை இழுக்கலாம், ஆனால் இழுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூரில் பஸ் ஏறு. சனிக்கிழமை, வக்கீலுக்கு நமக்காக ஆஜராக அதிகாரம் கொடுக்கிற வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம், ஐயாவிடம் சொல்லிவிட்டேன். பேங்கில் முத்திரையோடு ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொள். அசல் பாஸ்புக்கைக் கைப்பையிலேயே வைத்துக்கொள், பஸ் டிக்கியில் போடுகிற பெட்டியில் வைக்காதே.

அப்பா