முதலில் வெயிலைப் பார், விதை அப்புறம்

கோத்தகிரி,
மாசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. மதுரை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நீயும் அண்ணனும் கொடைக்கானலிலேயே தங்கிவிடப் போகிறீர்கள் என்பதை இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. "அந்தக் குளிரில் எவள் இருப்பாள்" என்று என்னைக் கேலி செய்தவள் நீதானே! இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் கட்டுக்குள் இல்லை. பெரியவளுக்குக் கோவைக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. பச்சைத்தேயிலை விலை பழைய கதைதான், அதை எழுதி உன் பொழுதைக் கெடுக்க வேண்டாம்.

நீ அனுப்பிய விதைப் பட்டியலைப் படித்தேன். கேரட்டிலிருந்து ஸ்ட்ராபெரி வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. ஆனால் பின்கட்டில் வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று ஒரு வரி எழுதவில்லையே. மதுரையில் நீ செடியை வெயிலிலிருந்து காப்பாற்றினாய். நிழல்வலை கட்டினாய், இரண்டு வேளை தண்ணீர் விட்டாய். அந்தப் பழக்கத்தை மலைக்கு எடுத்து வராதே. இங்கே செடியைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். மேகமும் மூடுபனியும் விட்டுவைக்கிற வெயில் கொஞ்சம்தான்; அது எங்கே விழுகிறதோ அங்கேதான் பாத்தி. தெற்கு பார்த்த சுவரோரம் இருந்தால் விடாதே. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது அந்த இடம்தான் கதகதப்பாக இருக்கும். பாத்தியை ஒரு சாண் உயரத்துக்கு மேடாகப் போட்டு, சரிவுக்குக் குறுக்கே அமை. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டுகிற மழை உனக்கும் எனக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். அப்போது தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

அடுத்தது மண். கறுப்பாக, பொலபொலவென்று இருப்பதைப் பார்த்து மயங்காதே. பெருமழை காலங்காலமாகச் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போனதால் நம் மலை மண் புளித்த மண், அதாவது அமில மண். அதில் முட்டைக்கோஸ் நட்டால் வேர் முண்டு முண்டாக வீங்கி, வெயில் ஏறியதும் செடி தொங்கிவிடும். முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடு. புளிப்பு என்று வந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் டாலமைட்டோ விவசாயச் சுண்ணாம்போ தூவிக் கொத்திவிட்டு, மூன்று நான்கு வாரம் ஆறப்போடு. சாணி எருவைக் கூடவே போடாதே, அதிலுள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இப்போதே தூவினால் பங்குனிக் கடைசியில் கார்போக விதைப்புக்குச் சரியாக இருக்கும். உருளை போடப்போகிற பாத்திக்கு மட்டும் சுண்ணாம்பும் வேண்டாம், அடுப்புச் சாம்பலும் வேண்டாம். கிழங்கின் தோல் சொறி பிடித்துவிடும். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை சும்மா கிடைக்கிறதே என்று மூடாக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் அடியில் புல்லே முளைப்பதில்லை, கேரட் எப்படி முளைக்கும்?

விதைக்கிழங்கு அனுப்பச் சொல்லியிருந்தாய். அது மட்டும் மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீலகிரியில் 1961-இல் உருளைக்கிழங்கு வேரில் ஒரு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் முட்டைக்கூடு கடுகைவிடச் சின்னது. செடியே இல்லாமல் மண்ணுக்குள் வருஷக்கணக்காக உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடுதான் ஊர் ஊராகப் போகும். அதனால்தான் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது என்று கட்டுப்பாடு. உங்கள் மலையிலும் அந்தப் புழு இருக்கிறது என்பதால் ஒரே பாத்தியில் உருளையைத் திரும்பத் திரும்பப் போடாமல், நடுவில் பீன்ஸ், கேரட், முள்ளங்கி என்று இரண்டு மூன்று வருஷம் மாற்றிக்கொண்டே வா.

கேரட்டுக்கு நாற்று விடாதே, நேராகப் பாத்தியில் மணலோடு கலந்து தூவு. குளிரில் முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும். பொறுமை இழந்து கிளறினால் போச்சு. பச்சைச் சாணி போட்டால் கிழங்கு கிளைவிடும், மக்கிய எருதான் வேண்டும். விரற்கடை உயரம் வந்ததும் மூன்று விரல் இடைவெளிக்குக் களைந்துவிடு. உனக்குப் பிடுங்க மனசு வராது என்று தெரியும், அண்ணனிடம் விட்டுவிடு. மேரக்காய்க்கு (சௌசௌ) விதை தேடாதே. முளைவிட்ட முழுக் காயையே சாய்வாகப் பாதி புதைத்து, பந்தல் போட்டுக் கொடு. ஒரு கொடி போதும், காய்க்கிற காலத்தில் தெருவுக்கே கொடுக்கலாம்.

தக்காளிதான் உன்னை அழவைக்கப் போகிறது. இலையில் ஈரமும் காற்றில் குளிர்ச்சியும் சேர்ந்தால் பின்கருகல் நோய் வந்து நாலே நாளில் செடி கறுத்துவிடும். மேலே கண்ணாடித்தாள் கூரை கட்டு, பக்கம் திறந்திருக்கட்டும், தண்ணீரை அடியில் மட்டும் விடு. மழைக்காலம் தொடங்குமுன் போர்டோ கலவை என்கிற நோய்த்தடுப்பு மருந்தை அடி, நோய் முற்றிய பிறகு அடித்துப் பயனில்லை. வீட்டளவுக்கு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம் அரை லிட்டர் தண்ணீரில், நீற்றாத சுட்ட சுண்ணாம்பு 10 கிராமை நீற்றி இன்னொரு அரை லிட்டரில். இரண்டும் ஆறியதும் துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கு. இரும்புப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளி போதும். பளபளப்பான கத்தியைக் கொஞ்ச நேரம் அதில் முக்கிப் பார். செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். அன்றைக்கே தெளித்து முடித்துவிடு. பழுத்த காய் இருந்தால் பறித்துவிட்டு அடி.

உன் வீடு ஏரிப் பக்கத்துப் பள்ளம் என்பதால் உறைபனியும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் வானம் தெளிந்து, காற்று அடங்கிய ராத்திரிகளில் கவனம். சாயங்காலமே குச்சி நட்டு, துணி இலையில் படாமல் மூடிவிட்டு, வெயில் வந்ததும் எடுத்துவிடு. ஊட்டித் தாவரவியல் பூங்காவிலேயே மிலார் என்கிற செடியின் தழையைக் கூரை மாதிரி வைத்துத்தான் பூச்செடிகளைக் காப்பாற்றுகிறார்கள். காட்டுமாட்டுக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை. வேலி பலமாக இருக்கட்டும், பீன்ஸை வீட்டுச் சுவரை ஒட்டி வை.

வாசனைச் செடிகள் உன் சமையலறை ஜன்னலோரம் தொட்டியிலேயே வரும். புதினாவைத் தரையில் விடாதே, பாத்தியையே பிடித்துக்கொள்ளும். தனியாவை இரண்டாக உடைத்து விதை. ரோஸ்மேரியும் தைமும் மலைக்குப் பிடித்த செடிகள், ஆனால் காலடியில் ஈரம் நின்றால் கோபித்துக்கொள்ளும். மண்ணில் பாதிக்கு மணல் இருக்கட்டும், மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். கருவேப்பிலை இந்தக் குளிரில் முனகிக்கொண்டேதான் வளரும். மதுரையிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கிக்கொள்வது சுலபம்.

பதிலுக்கு எனக்கு ஒன்று வேண்டும். பூம்பாறைப் பக்கம் போனால் மலைப்பூண்டு கொஞ்சம் வாங்கி வை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து இங்கே கடைக்காரர்கள் எந்தப் பூண்டைப் பார்த்தாலும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். விளைவித்தவர்களிடமே கேட்டு, எப்போது நடுவது என்பதையும் எழுது.

என் தம்பி மகன் அடுத்த வாரம் திண்டுக்கல் வழியாக வருகிறான். விரல் நீளத்துக்கு ரோஸ்மேரிக் குச்சிகள் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்துவிடுகிறேன். வந்த அன்றைக்கே அடி இலைகளை உருவிவிட்டு மணலில் நட்டுவிடு, நிழலில் வை. அண்ணனுக்கு என் வணக்கம்.

உன்,
சரோஜா