கூலிக்கு ஓட்டுவது சுயதொழிலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், சேலத்துப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் தலைப்பிலும் உள்ளேயும் அந்தப் பெண்களைச் 'சுயதொழில் முனைவோர்' என்றே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். அது உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தெருவிலும் அந்த வேலை நடக்கிறது. பட்டறையிலிருந்து வெள்ளியை எடை போட்டுக் கொடுத்தனுப்புவார்கள், வேலை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி தராசில் வைப்பார்கள், கணக்குக்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்தம். வெள்ளி பட்டறைக்காரருடையது, டிசைன் அவருடையது, ஜோடிக்கு எவ்வளவு என்று சொல்வதும் அவர்தான். வெள்ளி விலை எகிறினால் பட்டறைக்கு ஆர்டர் குறையும், அந்த வாரம் இவர்கள் வீட்டில் வேலை இருக்காது. எதிர்வீட்டு அக்கா அப்படி ஒரு மாதம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவரைப் போய் 'முனைவோர்' என்றால் அவரே யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்.

இதற்கு எங்கள் ஊரில் எப்போதோ சொல் இருக்கிறது. என் சித்தப்பா அம்மாபேட்டையில் நான்கு விசைத்தறி வைத்திருக்கிறார். தறி அவருடையது, கொட்டகை அவருடையது, கரண்ட் கனெக்‌ஷனும் அவர் பேரில்தான். ஆனாலும் என்ன பண்றீங்க என்று யாராவது கேட்டால் "கூலிக்கு ஓட்டுறேன்" என்றுதான் சொல்வார். பாவும் ஊடையும், அதாவது நெய்யத் தேவையான நீளநூலும் குறுக்குநூலும், முதலாளி கொடுக்கிறார், நெய்து கொடுத்ததற்கு மீட்டர் கணக்கில் கூலி வருகிறது. பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் இரண்டே தறிதான், ஆனால் அவரே நூல் வாங்கி, அவரே விலை பேசி விற்கிறார், நூல் விலை ஏறி நஷ்டமானாலும் அவர் தலையில்தான். அவர் "சொந்தமா ஓட்டுறேன்" என்பார். அதாவது தறிக்காரர்கள் எந்திரம் யாருடையது என்று பார்ப்பதில்லை, நூல் யாருடையது, விலை சொல்வது யார் என்று பார்க்கிறார்கள். இவ்வளவு தெளிவான பிரிவை வாயில் வைத்திருக்கிற ஊரைப் பற்றி எழுதும்போது அதைக் கலைத்து எல்லாரையும் ஒரே சொல்லில் போட்டு அடைக்க வேண்டுமா?

அரசுக் கணக்கிலும் இந்தக் குழப்பம் உண்டு. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 'சுயதொழில்' என்ற பிரிவுக்குள் ஆள் வைத்து வேலை வாங்குகிற முதலாளியும் வருவார், தனியாகக் கடை போட்டிருப்பவரும் வருவார், குடும்பத் தொழிலில் ஒரு பைசா வாங்காமல் உதவுகிற மனைவியும் மகளும் வருவார்கள், அடுத்தவர் கொடுத்த பொருளை வீட்டில் வைத்துச் செய்து கொடுக்கிற கொலுசுக்கார அக்காவும் வருவார். 2023-24 கணக்கெடுப்பில் நாட்டில் வேலை செய்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் என்று வந்தது இப்படித்தான். அந்த எண்ணை அப்படியே எடுத்து 'சொந்தக் காலில் நிற்கும் இந்தியர்கள்' என்ற பாணியில் செய்தி போட்டால் படிக்கிறவர்களுக்கு என்ன புரியும்?

பெயர் மாறினால் உரிமையும் மாறுகிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிகளை ஆப் நடத்துகிறவர்கள் 'பார்ட்னர்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழக அரசு 2023-இல் அவர்களுக்கென்று நலவாரியம் அமைத்தபோது 'கிக் தொழிலாளர்கள்' என்றே பெயரில் வைத்தது. அவ்வப்போது கிடைக்கும் வேலையைக் குறிக்கும் 'கிக்' என்ற ஆங்கிலச் சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் பக்கத்தில் 'தொழிலாளர்' இருக்கிறது பாருங்கள், அது முக்கியம்.

அப்புறம் என் கதை. நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு செய்கிறேன், பன்னிரண்டு வருடமாக. ஆங்கிலத்தில் 'ஃப்ரீலான்ஸ்' என்பார்கள். லான்ஸ் என்றால் ஈட்டி, எந்த அரசனுக்கும் கட்டுப்படாமல் காசு கொடுத்தவன் பக்கம் நின்று ஈட்டி பிடித்த கூலிப்படை வீரனுக்கு வைத்த பெயர் அது, வால்டர் ஸ்காட் 200 வருடத்துக்கு முன்பே தன் நாவலில் எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் அந்த ஈட்டி யார் காதிலும் விழுவதில்லை, 'ஃப்ரீ' மட்டும்தான் விழுகிறது. ரேஷன் கடைக்குப் போகவும், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகவும் "நீ வீட்ல ஃப்ரீயாத்தானே இருக்க" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனபோது படிவத்தில் 'சுயதொழில்' என்ற கட்டத்தில் டிக் செய்தேன். அந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, கடை எங்கேம்மா இருக்கு? கடை இல்லை என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் கட்டிய வருமான வரிக் கணக்கு அத்தனையும் கவரில் இருந்தது, அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இலங்கைத் தமிழில் 'சுயாதீன ஊடகவியலாளர்' என்று எழுதுகிறார்கள், நல்ல சொல்தான், ஆனால் சித்தப்பாவிடம் 'சுயாதீன மொழிபெயர்ப்பாளர்' என்று சொன்னால் புரியாது. "சொந்தமா பண்றேன்" என்றால் உடனே புரிந்துகொள்வார். எழுத்தில் அதைச் 'சொந்தப் பணி' என்று வைத்துக்கொள்ளலாமே. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், என் வேலையிலும் பாதிதான் சொந்தம். நேராக வருகிறவர்களிடம் நான் விலை சொல்கிறேன். ஏஜென்சி அனுப்புகிற வேலையில் சொல்லுக்கு இவ்வளவு என்று அவர்களே முடிவு செய்துதான் அனுப்புகிறார்கள், இஷ்டமிருந்தால் எடு, இல்லாவிட்டால் விடு. லேப்டாப் என்னுடையதாக இருந்தாலும் அது கூலிக்கு ஓட்டுவதுதான், அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

ஆகவே உங்கள் செய்தியாளர்களிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். இனி யாரையாவது 'சுயதொழில்' என்று எழுதும் முன், பொருள் யார் கொடுக்கிறார், விலை யார் சொல்கிறார் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு எழுதட்டும். கூலி என்று தெரிந்தால் கூலி என்றே போடட்டும். அந்தக் கட்டுரையில் ஒரு ஜோடிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று எங்குமே இல்லை, தேடித் தேடிப் பார்த்தேன். அடுத்த முறை அதையும் சேர்த்துப் போடுங்கள்.

- ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்